நொறுங்கும் குண்டு: டம்டம் ஆலையிலிருந்து ரேணிகுண்டா வரை

கல்லிலோ இரும்பிலோ மோதிய கணத்தில் தூளாக உதிரும்படி செய்யப்படும் கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்று உண்டு. வழக்கமான குண்டு ஈயத்தால் ஆனது. பெரும்பாலும் அதன்மேல் செம்பு உறை போர்த்தியிருக்கும். நொறுங்கும் குண்டு அப்படியல்ல. செம்பு, வெள்ளீயம் போன்ற உலோகத் தூளை அச்சில் இட்டு அழுத்தி, முழுக்க உருகிவிடாத அளவுக்குச் சூடேற்றி ஒட்டவைப்பார்கள். கையில் கெட்டியாக இருக்கும் பொரியுருண்டை தரையில் பட்டதும் உதிர்வதைப் போல, இந்தக் குண்டும் துப்பாக்கிக் குழலைக் கடக்கும்வரை உருக்குலையாமல் இருந்து, தன்னைவிடக் கடினமான பொருளில் மோதும்போது சிதறிவிடும். துண்டுகள் தெறித்துத் திரும்பி வராது. சுவரைத் தாண்டிப் போய் வேறு யாரையும் தாக்காது. இந்த இரண்டு நம்பிக்கைகளின்மேல்தான் அது விற்கப்படுகிறது. அவற்றில் ஒன்று மெய், மற்றது பாதி மெய். அது தெரியவர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கதையின் தொடக்கம் இந்தியாவில் இருக்கிறது.

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம், 1783 முதல் பல பத்தாண்டுகள் வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. இன்று கொல்கத்தா விமான நிலையம் இருப்பதும் அங்கேதான். அங்கிருந்த தோட்டா ஆலையை இந்திய வரலாறு ஏற்கெனவே அறியும்: 1857 ஜனவரியில், கொழுப்பு தடவிய என்ஃபீல்டு தோட்டாவைப் பற்றிய பேச்சு முதலில் கிளம்பியது டம்டமில்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த ஊரின் பெயர் ஒரு குண்டுக்கே பெயராகி உலக அகராதிகளில் ஏறியது.

காரணம் புதிய ரைஃபிள். 1888ல் பிரிட்டிஷ் படைக்கு வந்த லீ-மெட்ஃபோர்டு, 0.303 அங்குல விட்டமுள்ள மெல்லிய குண்டைச் சுட்டது. அதற்கு முந்தைய மார்ட்டினி-ஹென்றியின் குண்டு 0.45 அங்குலம், சுமார் 31 கிராம், வெறும் ஈயம். புதிய குண்டு சுமார் 14 கிராம்தான். முழுக்கச் செம்பு-நிக்கல் உறை போர்த்தியது. அது வேகமாகப் போனது, தொலைவு போனது. ஆனால் உடலைத் துளைத்துக்கொண்டு அப்படியே வெளியேறிவிட்டது. 1895 சித்ரால் படையெடுப்பில், இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறப் பழங்குடி வீரர்கள் குண்டு பட்ட பிறகும் ஓடி வந்து வாள் வீசினார்கள் என்று படை அதிகாரிகள் முறையிட்டனர். டம்டம் ஆலையின் கண்காணிப்பாளர் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, உறையின் மூக்கைக் கொஞ்சம் குறைத்து ஈயத்தைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரிய விட்டார். அந்த ஒரு மில்லிமீட்டர் போதுமானதாக இருந்தது. சதையில் நுழைந்ததும் ஈயம் பிதுங்கி விரிந்து, நுழைந்த துளையைவிடப் பல மடங்கு பெரிய காயத்தை உண்டாக்கியது. 1897-98ன் திரா படையெடுப்பில் இந்தக் குண்டு பயன்பட்டது. அதே காலத்தில் மலாக்கந்த் படையோடு சென்ற இளம் அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில், 1898ல் எழுதிய நூலில் அதன் விளைவைக் குறித்திருக்கிறார்.

இங்கிலாந்தின் வூலிச் ஆலை இதைப் பின்பற்றி, மூக்கில் குழி வைத்த மார்க் 4 குண்டைச் செய்தது. 1898 செப்டம்பரில் சூடானின் ஓம்துர்மானில் அது சுடப்பட்டது. மறு ஆண்டு பிஸ்லி சுடுபோட்டியில் வெக்கை மிகுந்த நாள்களில் அந்தக் குண்டின் உறை குழலுக்குள்ளேயே தங்கி, ஈயம் மட்டும் வெளியேறியது. அடுத்த குண்டைச் சுடும்போது துப்பாக்கியே வெடிக்கக்கூடிய நிலை. அதோடு அது திரும்பப் பெறப்பட்டது. உடையவோ விரியவோ வேண்டிய குண்டு, அதற்குரிய இடத்துக்கு முன்பே உடைந்தால் சுடுபவனுக்குத்தான் ஆபத்து என்ற பாடம் இங்கே முதன்முதலாக எழுதப்பட்டது. இன்று அழுத்திய தூளால் செய்யும் குண்டுக்கும் அதே அச்சம் பொருந்தும்.

டம்டம் குண்டின்மேல் வந்த மருத்துவக் கண்டனம் ஜெர்மனியில் பிறந்தது. டியூபிங்கன் அறுவை மருத்துவர் பால் ஃபான் புரூன்ஸ், ஈயம் வெளியே தெரியும் குண்டுகளைச் சுட்டுப் பார்த்துக் கோரமான காயங்களைப் பதிவு செய்தார். அவர் சுட்டவை வேட்டைக் குண்டுகள். அவற்றில் ஈயம் டம்டமைவிட மிக அதிகமாக வெளியே நின்றது என்று பிரிட்டன் மறுத்தது. மறுப்பில் உண்மை இருந்தது. ஒரு குண்டைச் சோதித்து வேறொரு குண்டுக்குத் தீர்ப்பு எழுதும் இந்த வழக்கம், பின்னாளில் நொறுங்கும் குண்டின் விஷயத்தில் பல முறை திரும்ப நடந்தது. ஆனால் அந்த உண்மையைச் சொன்ன பிரிட்டன், 1899ல் ஹேக் மாநாட்டில் வேறொரு வாதத்தையும் வைத்தது. பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா, ஐரோப்பியப் படைவீரன் காயம்பட்டதும் நின்றுவிடுவான், 'காட்டுமிராண்டி' நிற்கமாட்டான், ஆகவே குடியேற்ற நாடுகளின் போருக்கு இத்தகைய குண்டு தேவை என்ற பொருள்படப் பேசினார். இந்தியத் தொழிலாளர்களின் கையால், இந்திய மண்ணில், இந்தியாவின் எல்லையில் வாழ்ந்தவர்களின்மேல் சுடுவதற்காகச் செய்த குண்டுக்கு அதன் சொந்தக்காரர்கள் தந்த நியாயம் இதுதான். கருவியைப் பற்றிய விவாதத்தில் மனிதரைத் தரம் பிரித்த இந்தப் பேச்சு வெட்கத்துக்குரியது. மாநாட்டில் பெரும்பான்மை நாடுகள் அதை ஏற்கவில்லை. 1899 ஜூலை 29 அன்று, மனித உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டைப் போரில் பயன்படுத்துவதில்லை என்ற அறிவிப்பு கையெழுத்தாயிற்று. பிரிட்டன் 1907ல்தான் அதில் சேர்ந்தது. அமெரிக்கா சேரவே இல்லை.

இந்தத் தடை நாடுகளுக்கிடையேயான போருக்கு மட்டும். உள்நாட்டுக் காவலுக்கும் தனியார் தற்காப்புக்கும் அது பொருந்தாது. அதனால் ரைஃபிளில் மூடிய கதவு கைத்துப்பாக்கியில் திறந்தே இருந்தது.

கைத்துப்பாக்கியில் முதல் முயற்சி வெப்லி ரிவால்வருக்கு 1898ல் வந்த 0.455 அங்குல மார்க் 3. முன்னும் பின்னும் கிண்ணம்போலக் குழிந்த ஈய உருளை அது. 'மேன்ஸ்டாப்பர்', அதாவது ஆளை நிறுத்துவது என்று அழைக்கப்பட்டது. ஹேக் அறிவிப்புக்குப் பின் பிரிட்டிஷ் படை அதை விலக்கிக்கொண்டது. பிலிப்பைன்ஸ் போரில் தன் 0.38 ரிவால்வர் போதவில்லை என்று வருந்திய அமெரிக்கப் படை, 1904ல் கர்னல் ஜான் தாம்சனையும் மேஜர் லூயி லகார்டையும் சோதனைக்கு அமர்த்தியது. அவர்கள் சிகாகோ இறைச்சிக்கூடத்தில் உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள்; இறந்த மனிதர்களின் உடல்களிலும் சோதித்தார்கள். மேன்ஸ்டாப்பரும் சோதித்தவற்றில் ஒன்று. 0.45 அங்குலத்துக்குக் குறைந்த குண்டு வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. இன்றைய கண்ணில் அந்தச் சோதனை கொடுமையானது, அறிவியலாகவும் பலவீனமானது. ஒவ்வொரு மாட்டையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு எண்ணிக்கையில் சுட்டதால் ஒப்பீட்டுக்கே இடமில்லாமல் போனது. ஆனாலும் கைத்துப்பாக்கிக் குண்டை முறையாக மதிப்பிட முயன்ற முதல் பெரிய முயற்சி அது.

இதுவரை சொன்னவை காயத்தைப் பெரிதாக்கப் பிறந்தவை. நொறுங்கும் குண்டு வேறொரு வழியில், வேறொரு கவலையில் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கத் திருவிழாக்களில் சுடுகூடங்கள் இருந்தன. இரும்புத் தகட்டு வாத்தைச் சுட்டால் ஈயச் சில்லு தெறித்துப் பார்வையாளர் கண்ணில் படும். அதற்காக, அழுத்திய ஈயத்தூளால் ஆன 0.22 குண்டுகள் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரில் இந்த எண்ணம் பெரிதாக வளர்ந்தது. குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கி வீரர்களுக்குப் பறக்கும் விமானத்தையே சுட்டுப் பயிற்சி தர வேண்டும். சுடப்படும் விமானி உயிரோடு திரும்பவும் வேண்டும். அமெரிக்க விமானப்படை மேஜர் கேமரன் ஃபேர்சைல்டு தொடங்கிவைத்த முயற்சியில், டியூக் பல்கலைக்கழக வேதியியலர் பால் கிராஸ், ஈயத்தூளையும் பேக்கலைட்டையும் கலந்து ஒரு குண்டைச் செய்தார். பெல் நிறுவனத்தின் பி-63 போர் விமானத்துக்குத் தடித்த உலோகத் தோல் போர்த்தி அதன்மேல் சுட்டார்கள். குண்டு பட்டதும் தூளாகும். அதிர்வைத் தோலின் அடியிலுள்ள கருவி உணர்ந்து விமானத்தின் மூக்கில் விளக்கை எரியச் செய்யும். வீரர்கள் அதை 'பின்பால்' என்று அழைத்தார்கள். ஒருவரையும் கொல்லக்கூடாது என்பதற்காகவே ஒரு குண்டைக் கவனமாக வடித்தெடுத்த காலம் அது. டம்டமோடு இதை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அநியாயம்.

குழப்பத்தை உண்டாக்கியது விமானக் கடத்தல். 1968 முதல் அமெரிக்காவில் கடத்தல்கள் பெருகி, 1970 செப்டம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் பயணிகள் விமானங்களில் ஆயுதக் காவலர்களை அமர்த்துவதாக அறிவித்தார். நெருக்கமான விமானத்துக்குள் சுட்டால் கடத்தல்காரனைத் துளைத்த குண்டு பின் இருக்கைப் பயணியையும் தாக்குமே என்ற கவலை எழுந்தது. இதற்கு விடையாக 1970களின் நடுவில் கர்னல் ஜாக் கேனன் வடித்தது கிளேசர் சேஃப்டி ஸ்லக். மெல்லிய செம்புக் குப்பிக்குள் பொடி ரவையை நிரப்பி, டெஃப்லான் திரவம் ஊற்றி, மூக்கைப் பிளாஸ்டிக்கால் மூடினார்கள். உடலில் பட்டதும் குப்பி பிளந்து ரவை சிதறும். ஜவ்வாது மலையிலும் சித்தூர்க் காடுகளிலும் நாட்டுத் துப்பாக்கியில் மருந்தோடு ரவை போட்டுக் கெட்டித்தவர்களுக்கு இதன் இயல்பு விளக்காமலே விளங்கும்: ரவை பரவும், ஆழம் போகாது.

விமானத்தில் ஓட்டை விழுந்தால் எல்லோரும் வெளியே உறிஞ்சப்பட்டுவிடுவார்கள் என்பது திரைப்படங்கள் வளர்த்த அச்சம். விமானத்துக்குள் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வெளியேற்று வால்வே ஒரு குண்டின் துளையைவிடப் பல மடங்கு பெரியது. உண்மையான ஆபத்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத்தான். இந்தியாவுக்கு இந்தக் கேள்வி 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐ.சி. 814 பயணிகள் விமானம் கடத்தப்பட்டபோது வாசலுக்கே வந்தது. அதற்குப் பின் விமானங்களில் என்.எஸ்.ஜி.யின் ஆயுதக் காவலர்கள் அமர்த்தப்பட்டனர். விமான நிலையங்களின் காவலை சி.ஐ.எஸ்.எஃப். ஏற்கத் தொடங்கியது. முதலில் ஜெய்ப்பூர், 2000 பிப்ரவரியில்.

ரேணிகுண்டாவை வைத்துப் பார்த்தால் இந்தக் கவலையின் அளவு புரியும். திருப்பதி விமான நிலையம் இருப்பது ரேணிகுண்டாவில். அதன் புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2015 அக்டோபர் 22 அன்று திறந்தார். சென்னை-மும்பை ரயில் பாதையில் ரேணிகுண்டா சந்திப்பு, மலையேறப் போகும் பக்தர்கள் இறங்கி மாறும் இடம். மொட்டையடிக்கப் போகும் குழந்தையும் வயதான பெற்றோருமாகக் குடும்பம் குடும்பமாக நிற்கும் நடைமேடையில், ஒருவனைத் துளைத்து வெளியேறும் குண்டு அடுத்து யாரில் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. உடலைத் தாண்டாத குண்டு வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசையை நிறைவேற்றுவதாகச் சொன்ன குண்டுகள் சோதனையில் என்ன ஆயின என்பதுதான் கேள்வி.

அந்தச் சோதனைக்கு வழி திறந்தது ஒரு துயரம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரு கொள்ளையருக்கும் நடந்த சண்டையில், தொடக்கத்திலேயே கொள்ளையன் ஒருவனுக்குப் பட்ட 9 மி.மீ. விரியும் குண்டு, கையைத் துளைத்து மார்புக்குள் போய் இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தனர். இதைத் தொடர்ந்து எஃப்.பி.ஐ. கூட்டிய ஆய்வில், ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் வளர்த்த முறை ஏற்கப்பட்டது. 10 சதவீத ஜெலட்டின் கட்டியை 4 டிகிரி செல்சியஸில் வைத்து, சதையின் தடைக்கு அது ஒத்துவருகிறதா என்று சிறு இரும்பு ரவையால் சரிபார்த்து, பின்பு குண்டைச் சுட வேண்டும். வெறும் கட்டியில் மட்டுமன்றி கனத்த துணி, மரப்பலகை, கார்க் கண்ணாடி ஆகியவற்றின் ஊடாகவும் சுட வேண்டும். குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. முன்னாலிருந்து நேராகப் பட்டால் 6 அங்குலம் போதுமே என்று தோன்றும். ஆனால் ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்பான், கையை நீட்டியிருப்பான், பருத்தவனாக இருப்பான். 12 அங்குலம் அதற்காக வைத்த கணக்கு.

ரவைக் குப்பி வகைக் குண்டுகள் இந்த அளவுகோலில் தோற்றன. ஜெலட்டினில் அவை பொதுவாக 5 முதல் 7 அங்குலத்தில் நின்றன. மேற்பரப்பில் அகன்ற காயம், உள்ளே உயிருறுப்புகளை எட்டாத ஆழம். கனத்த உடையில் மோதினால் நிலைமை இன்னும் மோசம். இந்த வகையைத் தூக்கிப்பிடிக்க, ஆடுகளின்மேல் ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சோதனை ஒன்று 1990களில் சுற்றுக்கு வந்தது. செய்தவர் பெயரில்லை, இடத்துக்குச் சான்றில்லை, மறுபடி செய்து பார்க்க வழியில்லை. அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. பெயரும் முறையும் வெளிப்படையாக உள்ள சிகாகோ சோதனையே குறைபாடு உள்ளது என்றால், பெயரற்ற சோதனையை நம்பி உயிரை ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது.

அதே 1990களில் நொறுங்கும் குண்டு தன் பழைய தொழிலுக்கு, அதாவது பயிற்சிக்குத் திரும்பியது. இம்முறை கவலை ஈய நஞ்சு. மூடிய சுடுகூடத்தில் ஒவ்வொரு சுடுதலிலும் ஈயப்புகை கிளம்புகிறது. அது குண்டிலிருந்து மட்டும் வருவதில்லை. தோட்டாவின் அடியிலுள்ள கேப்பில் ஈயச் சேர்மம் இருக்கிறது. நாள் முழுவதும் அங்கேயே நிற்கும் பயிற்றுநரின் இரத்தத்தில் ஈயம் ஏறும்; அவர் உடையோடு வீட்டுக்கும், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் போகும். ஆகவே செம்பும் வெள்ளீயமும் கலந்த தூளால் ஈயமில்லாக் குண்டும், ஈயமில்லாக் கேப்பும் வந்தன. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் டங்ஸ்டனையும் வெள்ளீயத்தையும் சேர்த்துப் பார்த்தது. டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனமானது என்பதால் எடை குறையாது. ஆனால் டங்ஸ்டன் கலந்த குண்டுகளைச் சுட்ட மாசசூசெட்ஸ் பயிற்சித் திடலின் நிலத்தடி நீரில் டங்ஸ்டன் தென்பட்டது. 2006ல் அங்கே அது நிறுத்தப்பட்டது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தத் தொழில்நுட்பம் தொலைவில் இல்லை. திருச்சியிலுள்ள கன உலோகக்கலவை ஊடுருவி ஆலை டங்ஸ்டன் தூளை அழுத்திச் சூடேற்றித்தான் டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் கோல்களைச் செய்கிறது. அங்கே தூள் முழுக்கப் பிணைந்து இடைவெளியில்லாமல் இறுகுமாறு சூடேற்றுவார்கள். நொறுங்கும் குண்டுக்குப் பிணைப்பைப் பாதியில் நிறுத்துவார்கள். ஒரே கைவினையின் இரண்டு முனைகள் அவை.

பயிற்சிக் குண்டை மதிப்பிடும் அளவுகோலும் வேறு. இரும்புத் தகட்டை அருகில் நின்று சுட்டு, தெறிக்கும் துணுக்குகளின் எடையையும் தொலைவையும் பார்க்க வேண்டும். குழலில் ஏறும்போது குண்டு விரிசல் விடுகிறதா, தோட்டா தடையின்றி ஏறி இறங்குகிறதா, ஈயக் குண்டு படும் இடத்திலேயே இதுவும் படுகிறதா என்று பார்க்க வேண்டும். எடை குறைவு என்பதால் படும் இடம் கொஞ்சம் மாறும். விலை கூடுதல். இவற்றைப் பொறுத்துக்கொண்டால், இரும்பு இலக்குகளை நெருங்கிச் சுட வேண்டிய காவல் பயிற்சிக்கு இதற்கு நிகரான குண்டு வேறில்லை.

தற்காப்பு நோக்கில் பலரும் தவறுவது இங்கேதான். பயிற்சிக்கான செம்புத்தூள் குண்டும் கிளேசர் வகைக் குண்டும் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. நடத்தையிலோ அவை எதிரெதிர். செம்புத்தூள் குண்டு கடினப் பரப்பில்தான் உடையும். சதையோ ஜெலட்டினோ அதற்குக் கடினப் பரப்பு அல்ல. ஆகவே பெரும்பாலும் உடையாமல், விரியாமல், உறை போர்த்திய சாதாரணக் குண்டைப் போலவே ஆழமாக ஊடுருவி வெளியேறுகிறது. கூட்டத்தைக் காக்கும் என்று நம்பி அதை நிரப்பியவர், எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதையே செய்வார். கிளேசர் வகையோ ஆளையே நிறுத்தாமல் போகலாம். இரண்டும் தற்காப்புக்குத் தகுந்தவை அல்ல.

இன்னொன்று வீட்டின் அமைப்பு. அமெரிக்க எழுத்துகளில் சுவரைத் துளைக்கும் குண்டைப் பற்றி ஓயாமல் பேசப்படுவதற்குக் காரணம், அங்கே அறைகளைப் பிரிப்பது மரச்சட்டத்தில் அடித்த மெல்லிய ஜிப்சம் பலகை. ரேணிகுண்டாவிலோ திருத்தணியிலோ வீட்டுச் சுவர் பூசிய செங்கல். 9 அங்குலச் செங்கல் சுவரைக் கைத்துப்பாக்கிக் குண்டு தாண்டாது. இங்கே அஞ்ச வேண்டியவை கதவும் ஜன்னலும், அவற்றைவிடக் கருங்கல்லிலும் கடப்பைக் கல் தரையிலும் பட்டுத் தெறித்துத் திரும்பும் குண்டும்தான். தெறிப்பைத் தடுப்பதில் நொறுங்கும் குண்டுக்கு உண்மையான நன்மை உண்டு. ஆனால் அந்த நன்மை, குறி தவறிய குண்டுக்கே கிடைக்கும்.

இந்திய உரிமதாரருக்கு இந்தத் தேர்வு நடைமுறையில் குறுகியது. 1878ல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின் இடத்துக்கு 1959ன் ஆயுதச் சட்டம் வந்தது. 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 9 மி.மீ. தனியாருக்குத் தடை செய்யப்பட்ட அளவு. உரிமம் பெற்றவர் வாங்குவது பெரும்பாலும் கான்பூரில் செய்யும் 0.32 ரிவால்வர், அதற்கான தோட்டா 1869ல் தொடங்கிய புனே காட்கி ஆலையிலிருந்து வருகிறது. 2021 அக்டோபர் 1 அன்று ஆயுத ஆலை வாரியம் கலைக்கப்பட்டதிலிருந்து அந்த ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. விமானத்தில் போகும் உரிமதாரர் துப்பாக்கியைக் காலியாகவும் தோட்டாவைத் தனியாகவும் பதிவுப் பையில்தான் அனுப்ப வேண்டும். திருமலைக்கு அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டி ஆயுதம் எடுத்துப்போக அனுமதி இல்லை. சுட்ட பிறகு கேட்கப்படுவது, எந்தக் குண்டு என்பதைவிட, சுட வேண்டிய தேவை இருந்ததா என்பதே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை, ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யாதபடி வரையறுக்கின்றன.

நொறுங்கும் குண்டின் தகுதியான இடம் பயிற்சிக் கூடம். நாட்டின் மூடிய சுடுகூடங்களில் நாள்தோறும் ஈயப்புகையைச் சுவாசிக்கும் காவல் பயிற்றுநர்களுக்கு இரத்தத்தில் ஈய அளவைத் தவறாமல் சோதிப்பதும், ஈயமில்லாத நொறுங்கும் தோட்டாவைப் பயிற்சிக்கு வாங்கித் தருவதும் காவல் துறைகள் இன்றே செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை.